லயத்திலிருந்து எட்டாம் கிரேட் வரை

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டில் பிறந்தவள் நான். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. 2008இல் லண்டன் ரோயல் ஸ்கூல்ஸ் சபையின் இசைப் பரீட்சையில் பியானோ எட்டாம் கிரேட், அதாவது கிரேட்களில் கடைசிப் படி, தேறினேன். இப்போது ஹட்டனில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "காசும் இங்கிலீசும் இல்லாமல் எப்படி முடிந்தது?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. இரண்டும் இல்லாதது கஷ்டம்தான். பரீட்சைக் கட்டணத்துக்கு அம்மா சீட்டுப் பிடித்தார், ஒரு தடவை தோடும் அடகுக்குப் போனது. ஆனாலும் எனக்குப் பெரிய பாடாக இருந்தது வேறொன்று. பியானோவின் முன்னால் யாரும் விரட்டாமல் உட்காரும் நேரத்தை ஒவ்வொரு நாளும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

1999இல் பழகத் தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பாடசாலை மண்டபத்தில் ஒரு பழைய அப்ரைட் பியானோ இருந்தது. சங்கீதம் படிப்பித்த சிஸ்டர் காலை ஆறரைக்குக் கதவைத் திறந்துவிடுவார். முதல் மணி அடிக்கும்வரை ஐம்பது நிமிடம் கிடைக்கும். அதில் முதல் ஐந்து நிமிடம் வாசிக்க முடியாது. ஜூன், ஜூலை மழையில் மரமும் கம்பளித் துணியும் ஈரம் குடித்து ஊதிவிடும், அழுத்திய கட்டை எழும்பாது. நடு சி-க்கு அடுத்த டி எப்போதும் படுத்தே கிடக்கும். அதை நகத்தால் நிமிர்த்திவிட்டுத்தான் ஸ்கேல், அதாவது சுர வரிசை, தொடங்குவேன். பெட்டியின் கீழ்ப் பலகைக்குப் பின்னால் சிஸ்டர் ஒரு மின்குமிழை இரவும் பகலும் எரிய விட்டிருந்தார், ஈரத்தை விரட்ட. மின்சாரம் போன இரவுக்கு அடுத்த காலை, டி-யோடு இன்னும் நான்கைந்து கட்டைகள் படுத்திருக்கும்.

கட்டைகள் 88 என்றாலும் உள்ளே இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள் இருக்கின்றன. பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று மூன்று கம்பி. அந்த மூன்றில் ஒன்று சற்று இறங்கினாலும் சுரம் கரகரக்கும். சுருதி சேர்ப்பவர் வருடத்துக்கு ஒரு முறைதான் கண்டியிலிருந்து வருவார். மற்ற மாதங்களில் என் காது கெட்டுப்போகக் கூடாதென்று சிஸ்டர் ஓர் இசைக்கவையைத் தந்தார். செக்கனுக்கு 440 அதிர்வில் ஒலிக்கும் ஏ சுரம். தினமும் அதை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டு, பாடிப் பார்த்த பிறகுதான் வாசிப்பேன்.

விடுமுறை வந்தால் மண்டபம் பூட்டப்படும். அப்பா ஒரு ஞாயிறு பாடசாலைக்கு வந்து, சிஸ்டரின் அனுமதியோடு கட்டைகளை அடிமட்டம் வைத்து அளந்தார். ஒரு ஸ்தாயி 16.5 சென்ரிமீற்றர். தேயிலை அடைக்கும் தடித்த காகிதப் பையை விரித்து, 88 கட்டைகளையும் அந்த அளவிலேயே வரைந்தார். கறுப்புக் கட்டைகளுக்கு அட்டை வெட்டி ஒட்டினார். அதன்மேல் நான் பழகிய விரல் ஒழுங்கு இன்றும் கையில் இருக்கிறது. பெருவிரலை மற்ற விரல்களுக்கு அடியால் எங்கே நுழைப்பது, கண்ணால் பார்க்காமல் எவ்வளவு தூரம் தாவுவது என்பதெல்லாம் காகிதத்தில் படியும். கையின் எடையை எவ்வளவு இறக்கினால் எவ்வளவு சத்தம் வரும் என்பது மட்டும் அதில் படியாது. பழக்கமே அதற்காகத்தான். ஆகவே காகிதம் போதும் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். அதேபோல 61 கட்டை மின்விசைப்பலகையை நம்பி ஐந்தாம் கிரேட்டைத் தாண்ட முயல வேண்டாம். அதன் கட்டைக்கு எடை இல்லை. எடையுள்ள 88 கட்டை, பழையதாக இருந்தாலும், அதைத் தேடுங்கள்.

ஐந்தாம் கிரேட் எழுத்துப் பரீட்சை தேறினால்தான் ஆறாம் கிரேட்டில் உட்கார முடியும். அது இங்கிலீசில் என்று பயந்தேன். ஆனால் அதில் வரும் அலெக்ரோ, ரிட்டார்டான்டோ எல்லாம் இத்தாலிய வார்த்தைகள். கொழும்புப் பிள்ளைக்கும் அவை புதிதுதான். மனனம் செய்தேன், தேறினேன்.

ஆறாம் கிரேட்டில் 98. தேறுவதற்கு 150க்கு 100 வேண்டும். இரண்டு புள்ளிக்காக மூன்று நாள் அழுதேன். புள்ளித்தாளைப் பார்த்தபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது. பார்த்தவுடன் வாசிக்கும் பகுதியில் 21க்கு 9. முன்பு பார்க்காத தாளொன்றை அரை நிமிடம் பார்க்கத் தருவார்கள், பிறகு வாசிக்க வேண்டும். நான் அதுவரை சிஸ்டர் வாசிப்பதைக் காதால் பிடித்துத்தான் பாடங்களைப் படித்திருந்தேன். கண் தாளில் இருக்கும், வாசிப்பதோ ஞாபகத்திலிருந்து.

அந்தச் சமயத்தில் நகரத்துத் தேவாலயமொன்றில் ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்க ஆள் தேடினார்கள். சம்பளம் வேண்டாம், வார நாட்களில் மாலை இரண்டு மணிநேரம் பியானோவைத் தந்தால் போதும் என்றேன். முதல் ஞாயிறு புறப்பட்டபோது அப்பாயி நெற்றியில் திருநீறு பூசித்தான் அனுப்பினார், அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டுப் புத்தகத்தில் நூற்றுக்கணக்கான பாடல்கள், எல்லாம் நான்கு குரலில், அதாவது நான்கு தனி மெட்டுகள் ஒன்றாக ஓடும். தினமும் வாசிக்காத ஒன்றை எடுத்து, எவ்வளவு மெதுவாகவென்றாலும் நிற்காமல், பிழைத்தாலும் திரும்பாமல் வாசித்தேன். அடுத்த தடவை ஆறாம் கிரேட் சுலபமாகவே கிடைத்தது.

சிஸ்டர் மாற்றலாகிப் போன பின் கண்டியில் ஒரு டீச்சரிடம் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் முதல் பஸ். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை கடந்து போய்ச் சேரவே களைத்துவிடும். எட்டாம் கிரேட்டுக்கு அவர் முதலில் தந்தது, பாக் என்ற ஜெர்மன் இசையமைப்பாளர் 1722இல் முடித்த தொகுப்பிலுள்ள சி மைனர் ஃபியூக். மூன்று குரல். நடுக்குரல் ஒரு வாக்கியத்தைச் சொல்லும், மேல்குரல் அதையே எடுக்கும், கடைசியில் கீழ்க்குரல் இடது கையில் நுழையும். மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டபடி வாசிக்க வேண்டும். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்டது.

"மகள், வீட்டில் எப்படிக் கேட்கிறாய்?" என்றார் டீச்சர். அவர் எதை நினைத்துக் கேட்டாரோ, எனக்கு எங்கள் லயம் ஞாபகம் வந்தது. அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் கூரை வரை எட்டாது. பக்கத்து அறையில் வானொலி, மறு அறையில் மாமியின் சண்டை, இங்கே அப்பாயியின் கதை. மூன்றையும் குழப்பாமல் கேட்டுத்தானே வளர்ந்தேன்! அன்றிரவு படுத்துக்கொண்டே ஒவ்வொரு குரலையும் தனித்தனியாகப் பின்தொடர்ந்து பார்த்தேன். மறுநாள் ஃபியூக்கில் ஒரு குரலை வாயால் பாடி மற்ற இரண்டையும் வாசித்தேன், பிறகு குரலை மாற்றினேன். ஆறு வாரத்தில் பிரிந்து கேட்டது. சங்கீதத்தில் லயம் என்றால் வேறு அர்த்தம் என்பது தெரியும். எனக்கு இரண்டும் ஒன்றாகவே ஆகிவிட்டன.

பரீட்சை கண்டியில். ஹட்டன் குளிரில் விரலைச் சுடுநீரில் வைத்துப் பழகிய எனக்கு, அங்கே வெக்கையில் விரல் வியர்த்துக் கட்டையில் வழுக்கியது. போதாததற்கு அது கிராண்ட் பியானோ, கட்டை உடனே திரும்பி எழும்புகிறது. கட்டை எழும்பக் காத்திருந்தே பழகிய கை தடுமாறிப்போனது. பெத்தோவனின் பத்தாம் ஓப்பஸ் (படைப்பு எண்) முதல் சொனாட்டா, பல சுரம் சேர்ந்தொலிக்கும் பெரிய சி மைனர் கோர்டோடு தொடங்கி உடனே ஏறும். அந்த ஏற்றத்தில் இரண்டு சுரம் விழுந்துவிட்டன. பின்னால் மெதுவாகப் பதில் சொல்லும் இடத்தில் மூச்சு விட்டு, கைக்குட்டையால் துடைத்த விரலைப்போல மனதையும் நிலைப்படுத்திக்கொண்டேன். கேட்டறியும் பகுதியில் பரீட்சகர் மூன்று குரல் வாக்கியமொன்றை வாசித்துக் கீழ்க்குரலைப் பாடச் சொன்னார். வாய் விட்டுப் பாடினேன். 18க்கு 17. மொத்தம் 124, மெரிட் என்ற சிறப்புத் தேர்ச்சி 120இலிருந்து.

மேடைக் கலைஞராக முடியுமா என்றும் கேட்கிறார்கள். கொழும்பில் பியானோ கலைஞர் லயனல் வென்ட் பெயரில் அரங்கம் இருக்கிறது. லண்டனில் சட்டம் படித்தபடியே ரோயல் அகடமியில் பியானோ பயின்றவர் அவர். அப்படியான பயிற்சி சிறு வயதிலேயே தொடங்கி, நல்ல கருவியில் தினமும் பல மணிநேரம் தொடர வேண்டும். பன்னிரண்டில் தொடங்கிய எனக்கு அந்த வாசல் திறக்கவில்லை, அதற்காக வருந்தியும் இருக்கிறேன். இப்போது முப்பது நிமிட நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்து டிப்ளோமாவுக்குப் பழகுகிறேன். அதில் ஸ்கேல் இல்லை, வாசிப்பு மட்டும்தான். என்னிடம் வரும் பிள்ளைகளில் ஒருத்தி எங்கள் தோட்டத்தவள், ஏழு வயது. அவளுக்குக் காலை ஆறரைக்குக் கதவு திறந்திருக்கும்.

என் பியானோவுக்குள்ளும் ஒரு குமிழ் எரிகிறது. கடைகளில் இப்போது கேட்டால் எல்ஈடிதான் தருகிறார்கள், அதில் சூடு வராது. இழை எரியும் பழைய நாற்பது வாட்ஸ் குமிழ் எங்காவது கண்ணில் பட்டால் இரண்டாக வாங்கி வைத்துக்கொள்கிறேன்.