நீத்துப்பெட்டியும் ஒரு கொப்பியும்

சீனி வருத்தம் என்று தெரிந்தபோது எனக்கு வயது 49. தையல் ஊசி குத்திய விரல் இரண்டு கிழமையாக ஆறவில்லை. அதைக் காட்டப் போன இடத்தில் இரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் சீனி 212. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 9.4. அது 6.5 வந்தாலே நீரிழிவு என்றார் டொக்டர். மெட்ஃபோமின், கிளிக்லசைட் என்று இரண்டு குளிசைகள் தந்தார்கள், கூடவே ஒரு சாப்பாட்டுத் தாள். ஓட்ஸ், அப்பிள், சூப்.

திருகோணமலையில் பிட்டும் சொதியும் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு அந்தத் தாளில் ஒருநேரச் சாப்பாடுகூட இல்லை. ஒன்றரை மாதம் ஓட்ஸ் காய்ச்சிக் குடித்தேன், அதற்கு மேல் முடியவில்லை. அடுத்த பரிசோதனையில் எச்பிஏ1சி 9.1.

அப்போது கிளினிக்கில் ஒரு மிஸ்ஸி (தாதி) சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. "அக்கா, தாளை விடுங்கோ. நீங்கள் சாப்பிடுறதை அப்படியே கொப்பியில எழுதுங்கோ. சாப்பிட முதலும் இரண்டு மணித்தியாலம் கழிச்சும் விரலில குத்திச் சீனியைப் பாருங்கோ."

முதல் கிழமையை எழுதி முடித்து வாசித்தபோது மனம் கனத்தது. காலையிலிருந்து தையல் மெஷினில் இருக்கிறேன். இடையில் ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. எல்லாருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு இரவு பத்து மணிக்கு, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறேன். இத்தனை வருடமும் இப்படித்தான், ஆனால் எழுதும்வரை கண்ணில் படவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சீனி பார்க்கும் ஸ்ட்ரிப் மலிவில்லை, அதனால் கிழமைக்கு இரண்டு சாப்பாடு மட்டும். கோதுமை மாப் பிட்டும் சொதியும்: முன்பு 138, பின்பு 261. சிவப்பரிசி மாவும் குரக்கனும் பாதிப் பாதி கலந்து, அளவையும் குறைத்து, முதலில் முருங்கையிலை வறையும் சூடை மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் பிட்டில் கைவைத்த நாள்: 131, பின்பு 184. நார்ச்சத்தும் மீனும் முதலில் போனால் மா மெதுவாகத்தான் செரிக்குமாம். சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்தால் ஒன்றும் செய்யாது என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதுவும் ஏற்றியது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒத்துவரும் குத்தரிசிச் சோறு எனக்கு ஒரு கப்புக்கு மேல் ஒத்துவராது. இதை யாருடைய தாளும் சொல்லியிருக்காது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சாப்பாட்டைக் குறைத்த எனக்குக் கிளிக்லசைடைப் பற்றி டொக்டரிடம் கேட்கத் தோன்றவில்லை. ஒருநாள் பதினொரு மணிக்கு மெஷினில் இருந்தபடியே வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கி, நூலை ஊசியில் கோர்க்க முடியவில்லை. மகள் குத்திப் பார்த்தாள், 58. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துத் தந்தாள். கால் மணித்தியாலத்தில் 84. மெட்ஃபோமின் மட்டும் என்றால் இப்படி இறங்குவது அரிது, இந்த மற்றக் குளிசைதான் இறக்கும் என்று டொக்டர் சொல்லி அதைப் பாதியாக்கினார். சாப்பாட்டை மாற்றுகிறவர்கள் முதலில் டொக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். தாங்களாகக் குளிசையை நிறுத்தவும் வேண்டாம்.

கால் விஷயத்திலும் இப்போது கவனம். அம்மாவுக்கு இதே வருத்தத்தில் இரண்டு கால்விரல்களை எடுத்தார்கள். கோணேசர் கோவிலுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் போய் வந்த நான், இப்போது கல் சுடுவதற்கு முன் காலையிலேயே போய்விடுகிறேன். வந்தவுடன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பேன்.

மிகவும் கஷ்டப்பட்டு மாற்றியது இரவுச் சாப்பாட்டு நேரத்தைத்தான். ஏழரைக்குப் பசிக்கிறதோ இல்லையோ எல்லாரும் உட்கார வேண்டும் என்றேன். முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது நீத்துப்பெட்டியை நடுவில் வைத்து எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுகிறோம், என் பங்கை நான் முதலே எடுத்து வைக்கிறேன். அப்புறம் நானும் அவரும் டச் பே கடற்கரைப் பக்கம் இருபது நிமிடம் நடப்போம். சாப்பிட்ட பின் நடந்தால் தசை சீனியை இழுத்துக்கொள்ளும். நடந்த நாளில் கொப்பியில் முப்பது, நாற்பது குறைவாகவே இருக்கும். வீதியோரம் மான்கள் படுத்திருக்கும்.

போன மாதம் எச்பிஏ1சி 6.9.