கூடாரத்தில் நாற்காலி இல்லை

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக அட்டையில் ஆசரிப்புக் கூடாரம், அதாவது மோசே காலத்தில் இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வைத்திருந்த வழிபாட்டுக் கூடாரம், செய்துகொண்டிருந்தேன். ஒரு முழத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு. பிராகாரம் 100-க்கு 50. பலிபீடம் 5-க்கு 5. பத்துக் கட்டளைப் பலகைகளை வைத்த உடன்படிக்கைப் பெட்டியின் நீளம் வெறும் இரண்டரை. வெண்கலத் தொட்டிக்கு மட்டும் வேதாகமத்தின் யாத்திராகமப் புத்தகம் அளவே சொல்லவில்லை. பாட்டில் மூடி ஒன்றை வைத்துச் சமாளித்தேன்.

கடைசியில் ஆசாரியன் பொம்மை நிற்க மறுத்தது. எத்தனை தடவை நிறுத்தினாலும் சாய்ந்து விழுந்தது. சரி, எங்காவது உட்கார வைத்துவிடலாம் என்று பார்த்தால் இடமே இல்லை. அப்பம் வைக்கிற சமுகத்தப்ப மேஜை இருக்கிறது, குத்துவிளக்கு இருக்கிறது, தூபபீடம் இருக்கிறது. நாற்காலி இல்லை. 'ஆசனம்' என்று பேர் வாங்கிய ஒரே பொருள், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனம். அதன்மேல் இரத்தம் தெளிப்பார்கள், யாரும் உட்கார மாட்டார்கள்.

அப்புறம்தான் புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்தின் 10-ஆம் அதிகாரம் ஞாபகம் வந்தது. மற்ற ஆசாரியர்கள் நாள்தோறும் நின்றுகொண்டு அதே பலிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்துகிறார்கள். இயேசுவோ ஒரே பலியைச் செலுத்திவிட்டு தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்கார்ந்தார். எத்தனையோ தடவை வாசித்த இடம். அந்த 'நின்று', 'உட்கார்ந்தார்' இரண்டும் என் கண்ணில் பட்டதே இல்லை.

வருஷத்துக்கு ஒருமுறை வரும் பாவநிவாரண நாளை நினைத்துப் பாருங்கள். மக்களுக்காகப் பலியிடும் முன்பு பிரதான ஆசாரியனான ஆரோன் தனக்காக ஒரு காளையைப் பலியிட வேண்டும். அப்புறம் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள்: ஒன்று பலிக்கு, மற்றது ஜனங்களின் பாவங்களைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்கு. எல்லாம் முடிந்தாலும், அடுத்த வருஷம் அதே நாளில் மறுபடியும் முதலிலிருந்து. இயேசுவுக்குத் தமக்கென்று காளை தேவைப்படவில்லை. பலியும் அவரே, அதைக் கொண்டுபோனவரும் அவரே. அவர் ஆசாரியர்களின் கோத்திரமான லேவி கோத்திரமே இல்லையே, யூதா ஆயிற்றே என்றால், அதற்குத்தான் அந்த நிருபம் ஆதியாகமத்தில் மூன்றே வசனங்களில் வந்து மறைகிற, லேவிக்கு முன்பே ஆசாரியனாயிருந்த மெல்கிசேதேக்கைக் கூப்பிடுகிறது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பல வருஷங்களுக்கு முன்பு அண்ணனிடம் சொன்ன ஒரு பொய்யை இன்னமும் ஜெபத்தில் அறிக்கையிடுவேன். அண்ணன் எப்போதோ மன்னித்துவிட்டார், மறந்தும் இருப்பார். நான்தான் இரவுதோறும் அதே ஆட்டை இழுத்துக்கொண்டு பலிபீடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்தி என்று வேறு நினைத்திருந்தேன். உண்மையில் அந்த ஒரே பலி எனக்குப் போதவில்லை என்றுதான் தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உட்கார்ந்தார் என்றால் ஓய்வெடுக்கிறார் என்று அர்த்தமில்லை. நமக்காகப் பரிந்து பேச எப்போதும் உயிரோடிருக்கிறார் என்று அதே நிருபத்தின் 7-ஆம் அதிகாரம் சொல்கிறது. பலியிடும் வேலை முடிந்தது, பரிந்து பேசும் வேலை முடியவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அப்போஸ்தலர் 7-இல், இயேசுவுக்குச் சாட்சி சொன்னதற்காகக் கல்லெறிபடப் போகிற ஸ்தேவான் வானத்தை அண்ணாந்து பார்க்கிறான். அங்கே மனுஷகுமாரனாகிய இயேசு தேவனுடைய வலதுபாரிசத்தில் நிற்கிறார். உட்கார்ந்தவர் ஏன் எழுந்தார்? தம் சாட்சிக்காகச் சாட்சி சொல்ல என்கிறார்கள் சிலர், வரவேற்க என்கிறார்கள் சிலர். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

பொம்மையைக் கடைசியில் பசை போட்டு, பலிபீடத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டேன்.