மூடைக் கணக்குக் கூலியும் எங்கள் சங்கமும்

கிழக்கிலங்கையில், சம்மாந்துறையில் தொடங்கி நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று போனால் வழியெல்லாம் நெல் ஆலைகள்தான். பெரும்போக அறுவடை நேரத்தில் இந்த ஆலைகளுக்கு முன்னால் லொறிகளும் உழவு இயந்திரங்களும் வரிசையில் நிற்கும், உள்ளே இரவு பகல் இல்லாமல் மெஷின் ஓடும். அப்படியான ஒரு ஆலையில் தராசடியில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தவன் நான். பிறகு அங்கே ஒரு தொழிற்சங்கக் கிளை உருவானபோது அதன் செயலாளராகவும் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். ஆலையின் பெயரை எழுதவில்லை. இதில் வருகிறவை எல்லாம் நாங்கள் போய்ப் பார்த்த பல ஆலைகளில் அப்படியே இருந்தன.

தொழில் பாதுகாப்பு என்றதும் தலைக்கவசம், கையுறை, சுவரில் ஒட்டிய மஞ்சள் படம் இவைதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. எங்கள் ஆலையில் விபத்து ஒளிந்திருந்தது கூலி கட்டுகிற முறைக்குள். இதைச் சங்கம் வைத்த பிறகுதான் நாங்களே கண்டுபிடித்தோம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

வெளியே இருப்பவர்களுக்கு நெல் ஆலை என்றால் நெல் போய் அரிசி வருகிற இடம். உள்ளே நெல்லைக் கொட்டுகிற குழி இருக்கிறது, அதிலிருந்து வாளி வாளியாக மேலே தூக்குகிற எலிவேட்டர் இருக்கிறது, ஊறப்போடும் தொட்டிகள், உமி எரித்து நீராவி எடுக்கிற பொயிலர், அவித்த நெல்லைக் காயப்போடும் சீமெந்துத் தளம், உமி நீக்குகிற மெஷின், தீட்டுகிற மெஷின், எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுகிற பெல்ட்கள். சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கத்தித்தான் சொல்ல வேண்டும். தூசி எப்போதும் பறக்கும். உமியில் சிலிக்கா உண்டு, அதன் தூசி கண்ணையும் நெஞ்சையும் அறுக்கும். வருடக்கணக்காகப் பொயிலரடியில் நின்றவர்களின் இருமலைக் கேட்டே ஆளை அடையாளம் சொல்லலாம்.

ஒரு நாள் எலிவேட்டர் பெல்ட்டில் ஒரு காக்காவின் (மூத்தவரை, அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சட்டைக் கை மாட்டியது. இரண்டு விரல்கள் போயின. முதலாளியே தன் வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், செலவைப் பார்த்தார், வீட்டுக்கு அரிசி அனுப்பினார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த விபத்து எந்தப் புத்தகத்திலும் பதியப்படவில்லை, தொழில் திணைக்களத்துக்கு அறிவித்தல் போகவில்லை. கை ஆறி வந்தபோது அவருக்குக் கூட்டிப் பெருக்குகிற வேலை கொடுத்தார்கள், அதற்குக் கூலியும் குறைவு. சட்டப்படி உங்களுக்கு நட்டஈடு இருக்கிறது காக்கா, கேட்டுப் பார்ப்போமா என்று நான் கேட்டேன்.

"அது வேணா தம்பி. மகள்ட கலியாணத்துக்கும் அவருதானே உதவின. இப்ப போய்ச் சட்டம் கதைச்சா அவரு என்ன நினைப்பாரு?"

இதற்கு என்ன பதில் சொல்வது? விரலைக் கொடுத்த மனிதன் நன்றிக்கடனில் நிற்கிறார். நட்டஈடு ஒருவரின் நல்ல மனதைப் பொறுத்த விஷயமாக இருக்கிற வரைக்கும், கெட்ட மனம் உள்ள இடத்தில் வேலை செய்கிறவனுக்கு ஒன்றுமே இல்லை. வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தி, உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தினார்கள், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கிற விபத்தையும் சேர்த்தார்கள். 1942இன் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு மறைப்புப் போடச் சொல்கிறது, மூன்று நாளுக்கு மேல் ஒருவர் வேலை செய்ய முடியாமல் போகிற காயம் என்றால் அறிவிக்கச் சொல்கிறது. எங்கள் பாட்டன் காலத்துச் சட்டங்கள். ஆலைக்குள் ஒருவருக்கும் தெரியாது.

இலங்கையில் தொழிற்சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் போதும். 1935ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாங்கள் புதிதாகப் பதியாமல், கொழும்பில் தலைமையகம் உள்ள ஒரு சங்கத்தின் கிளையாகச் சேர்ந்தோம், என்றாலும் அந்த முதல் ஏழு பேரைச் சேர்க்கத்தான் பட்ட பாடு பெரிது. வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்த என் பெரியப்பா சொல்வார், பெரிய அரசாங்க ஆலையில் சங்கம் வைப்பது சுகம், ஒரே கூரைக்குக் கீழே நூற்றுக்கணக்கான ஆட்கள், யார் கை தூக்கியது என்று தேடவே நேரமாகும் என்று. எங்கள் ஆலையில் மொத்த ஆட்களையும் முதலாளி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதில் பாதிப்பேர் அவர் ஊர்க்காரர்கள், சிலர் சொந்தக்காரர்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலை நீக்குவது குற்றம் என்று 1999இல் கைத்தொழிற் பிணக்குச் சட்டத்தைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள், சரி, ஆனால் நியமனக் கடிதமே இல்லாத நாள் கூலிக்காரரை நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னால் அது நீக்கமா இல்லையா என்று நிரூபிக்கவே காலம் போய்விடும்.

இன்னொரு சிக்கல் எங்களுக்குள்ளேயே இருந்தது. அரிசி பொதி செய்கிற பகுதியில் இருந்த ஒரு அக்கா முதல் கூட்டத்திலேயே நேராகக் கேட்டார்: "கூலியைக் கேளுங்க மனே முதல்ல. மாஸ்க்கைப் பத்தி மறுகா கதைக்கலாம்." தேநீர்க் கடையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, வயிறுதான் முதலில். இதற்குப் பதில் அன்றைக்கு எங்களிடம் இருக்கவில்லை. ஒரு கொப்பியிலிருந்துதான் அது வந்தது.

சங்கம் செய்த முதல் வேலை கொப்பி போட்டதுதான். நடந்த விபத்தை மட்டும் எழுதாமல், நடக்கப்பார்த்து நடக்காமல் போனதையும் எழுதுவது என்று முடிவு செய்தோம். பெல்ட் சேலை முந்தானையை இழுத்தது, மூடை அடுக்கு சரிந்து ஆள் மயிரிழையில் தப்பியது, பொயிலர் தண்ணீர் காட்டும் கண்ணாடியில் அளவு தெரியாமல் போனது, இப்படி. யாருடைய பெயரும் எழுதுவதில்லை. இடம், மெஷின், நேரம், அவ்வளவுதான். எழுதத் தெரியாதவர்கள் சொல்ல, பொதி செய்கிற பகுதியில் இருந்த ஒரு தங்கச்சி எழுதுவாள். முதலாளிக்கு இது தெரிந்ததும் கோபம் வந்தது, எனக்கு எதிராக வழக்கு எழுதுகிறீர்களா என்று கேட்டார். நாங்கள் கொப்பியை அவர் மேசையிலேயே கொண்டுபோய் வைத்து வாசித்துக் காட்டினோம். ஒளிக்க ஒன்றுமில்லை, நீங்களும் வாசியுங்கள் என்றோம். பெயர் இல்லாததால் யாரையும் ஏச முடியவில்லை. அப்படிக் கோபம் தணிந்து, பொயிலர்க் கண்ணாடி மட்டும் அந்த வாரமே மாறியது, அதில் அவருக்கும் பயம் இருந்தது.

அந்தக் கொப்பியை நேரத்தின்படி அடுக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. எழுதியதில் பெரும்பகுதி இரண்டு நேரங்களில் விழுந்திருந்தது, ஒன்று விடியப்பார்க்கிற இரவு வேலையின் கடைசி நேரம், மற்றது வெளியே லொறிகள் வரிசையில் நிற்கிற நேரம். மூடை தூக்குகிற நாட்டாமைகளுக்கு மூடைக்கு இவ்வளவு என்று கூலி, மெஷின்காரர்களுக்கும் குத்தி முடிக்கிற அளவுக்கு மேலே ஒரு கொசுறு. மெஷினை நிறுத்தினால் எல்லோருக்கும் காசு குறையும். அதனால் ஓடுகிற பெல்ட்டுக்கே கிறீஸ் போடுவார்கள், ஓடுகிற எலிவேட்டரின் வாயிலேயே அடைப்பைக் கையால் எடுப்பார்கள். காக்காவின் விரல் போனதும் அப்படித்தான். கவனக்குறைவு என்று எல்லோரும் சொன்னார்கள், அவரே சொன்னார். நிறுத்திவிட்டு அடைப்பெடுத்தால் தன் கூலியும் பக்கத்தில் நிற்கிறவன் கூலியும் குறையும் என்று தெரிந்து கையை உள்ளே விட்டவருக்குக் கவனம் குறைவா?

அந்த அக்கா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கூலியும் பாதுகாப்பும் வேறு வேறு கோரிக்கை இல்லை. பரிசோதனைக்கு வருகிற அதிகாரி பெல்ட்டுக்கு மறைப்பு இல்லையே என்று எழுதிவிட்டுப் போவார், அது அவர் கடமை, அது வேண்டும். முதலாளி மறைப்பு வாங்கிப் போடுவார். ஆனால் அந்த மறைப்பை ஏன் மறுநாளே கழற்றி வைக்கிறார்கள் என்று கேட்க, கூலிக் கணக்கைத் தெரிந்த ஆட்கள் வேண்டும். சங்கத்தால் மட்டும்தான் அதைக் கேட்க முடியும் என்று நான் நம்புகிறேன்.

மறைப்பைப் பற்றியே சொல்கிறேன். மெஷின் வாங்கும்போது கூடவே வந்த இரும்பு மறைப்புகள் எங்கள் ஆலையில் களஞ்சியத்துக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தன. கிறீஸ் போடவும் உள்ளே சேர்கிற உமியைத் தட்டவும் ஒவ்வொரு தடவையும் நாலு ஆணி கழற்ற வேண்டும், மறுபடி பூட்ட வேண்டும், யார் செய்வது? திரும்பப் போடுங்கள் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தால் ஒரு கிழமைக்குள் மறுபடி பின்னால் போயிருக்கும். மெஷின்காரர் ஒருவர்தான் வழி சொன்னார், மறைப்பிலேயே ஒரு சின்னக் கதவு வெட்டிக் கீல் வைத்தால் கை போகாது, கிறீஸ் குழாய் மட்டும் போகும், கீழ்ப்பக்கம் கம்பி வலை வைத்தால் உமி தானாக விழும் என்று. நிந்தவூரில் ஒரு வெல்டிங் கடையில் செய்வித்தோம், செலவு முதலாளியுடையது. அந்த மறைப்புகளை அதற்குப் பிறகு யாரும் கழற்றவில்லை, கழற்ற வேண்டிய தேவை இல்லாமல் போனதுதான் காரணம். அந்த மனிதரிடம் அதற்கு முன்னால் ஒருவரும் அபிப்பிராயம் கேட்டதில்லை என்பதை நினைக்க எனக்கு இன்னும் ஆத்திரம் வரும்.

குழி விஷயத்தில் நாங்கள் கடுமையாகவே நின்றோம். நெல் கொட்டுகிற குழியில் ஈர நெல் தங்கிப் புளித்தால் உள்ளே காற்றுக் கெட்டுப்போகும், மேலே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. 2018 ஏப்ரலில் ஹொரணைப் பக்கம் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் அமோனியாத் தொட்டிக்குள் ஒருவர் விழ, காப்பாற்றப் போனவர்களும் விழுந்து ஐந்து பேர் செத்தார்கள். அந்தச் செய்தியைக் கூட்டத்தில் வாசித்தோம். ஒருவர் விழுந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு எல்லோரும் ஒரே குரலில் குதிப்போம் என்றார்கள். எங்கள் ஆட்களின் குணம் அது, அதனாலேயே எனக்குப் பயம் கூடியது. ஊறப்போடும் தொட்டிக்கும் அதுவே பொருந்தும். இப்போது குழியை முதலில் நன்றாகக் காற்றோட விட வேண்டும், யாரும் தனியே இறங்குவதில்லை, இடுப்பில் கயிறு, மேலே இரண்டு பேர், எலிவேட்டர் மோட்டரின் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டு, அந்தத் திறப்பு இறங்குகிற ஆளின் சட்டைப் பையில். திறப்பு வேறு யார் கையிலும் இருக்கக்கூடாது. ஒரு தடவை மேற்பார்வையாளர் திறப்பைத் தன்னிடம் தரச் சொன்னபோது அன்றைக்கு ஒருவரும் இறங்கவில்லை, பின்னேரம் வரை குழி அப்படியே கிடந்தது, கடைசியில் அவரே விட்டுக்கொடுத்தார்.

மாஸ்க் விஷயம் அவ்வளவு நன்றாகப் போகவில்லை. கொரோனாக் காலத்தில் பழகிய துணி மாஸ்க் உமித் தூசிக்குப் போதாது, நல்லதைப் போட்டால் சித்திரை, வைகாசி வெக்கையில் மூச்சு முட்டுகிறது. தீட்டுகிற மெஷினுக்கு மேலே தூசி இழுக்கிற காற்றாடியும் பையும் வைக்கக் கேட்டிருக்கிறோம், பாதி நடந்திருக்கிறது. தூசியை மெஷினடியிலேயே பிடிக்க வேண்டும், மனிதனின் மூக்கு வரைக்கும் வரவிட்டுப் பிறகு மறிப்பது சரியான வழி இல்லை. பெண்களுக்கு மலசலகூடம் தனியாக வந்தது, அதற்கு ஒரு கடிதம் போதுமாக இருந்தது.

பெரிய பேச்சுவார்த்தை மூடைக் கணக்கில்தான் நடந்தது. வயல் வட்டையிலிருந்து வருகிற நெல் மூடை 65 கிலோவைத் தாண்டும். ஒரு ஆண் தூக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போனால் அதைக் குறைக்க வழி பார்க்க வேண்டும் என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே பரிந்துரை எழுதிவிட்டது. மூடையைச் சின்னதாக்கச் சொன்னபோது எதிர்த்தது முதலாளி மட்டுமில்லை, எங்கள் நாட்டாமைகளும்தான். மூடைக்குத்தானே கூலி, சின்ன மூடைக்குச் சின்னக் கூலி தருவார்கள், அதே பணத்துக்குக் கூடுதலாக நடக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் பயந்தது சரி. அதனால் கோரிக்கையை மாற்றினோம்: கூலியைக் கிலோக் கணக்கில் கட்டுங்கள், லொறி இறக்கும்போது இடையில் இருக்கிற நேரத்துக்கும் ஒரு அடிப்படைக் கூலி வேண்டும். ஆலையிலிருந்து வெளியே போகிற அரிசிக்கு இது நடந்துவிட்டது, அது சின்னப் பொதி, கட்டுகிறதும் நாங்களே. உள்ளே வருகிற நெல்லுக்கு இன்னும் இல்லை, ஏனென்றால் மூடையைக் கட்டுகிறவர் வயலில் இருக்கிறார், அவருக்குச் சாக்கு மிச்சம் பிடிக்க வேண்டும், லொறிக்காரருக்கு ஏற்றுக்கூலி மிச்சம் பிடிக்க வேண்டும். விவசாயிகள் சங்கத்தோடும் பேசாமல் இது நகராது. இரண்டு தடவை பேசியிருக்கிறோம், முகம் கொடுத்துக் கேட்டார்கள்.

சங்கம் பலமாக இருக்கிற ஆலையில்கூட அறுவடை நேரத்தில் புது ஆட்கள் வருவார்கள், மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்தும், மலைநாட்டிலிருந்தும். அவர்களுக்குக் கொப்பியும் தெரியாது, குழியும் தெரியாது, அவர்கள் சங்கத்திலும் இல்லை. வேலை தொடங்குகிற முதல் நாள் அவர்களுக்கு ஆலையைச் சுற்றிக் காட்ட வேண்டும், எந்தச் சுவிட்ச் எதை நிறுத்தும், எங்கே தனியே இறங்கக்கூடாது என்று அவரவருக்கு விளங்கும் பேச்சில் சொல்ல வேண்டும், அந்த நேரத்துக்கும் கூலி கட்ட வேண்டும் என்று இப்போது கேட்டிருக்கிறோம். சுற்றிக் காட்டுவதற்கு முதலாளி சம்மதித்துவிட்டார். அதற்குக் கூலி கட்டுவதில்தான் இழுபறி. சிறுபோக அறுவடைக்கு முன்னால் முடித்துவிடப் பார்க்கிறோம், விரல் போன அந்தக் காக்காவும் இந்தத் தடவை பேச்சுக்கு வருகிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறார்.