ராசாத்திக்குக் குளிர் பிடித்தபோது

2022 டிசம்பரை திருகோணமலை ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் பக்கம்தான். ஆனால் அதோடு வந்த குளிரில் இலங்கையில் நம் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் செத்து விழுந்தன. உப்புவெளியில் எங்கள் கிணற்றடித் தொட்டியில் ராசாத்தி இருந்தாள்.

ராசாத்தி தண்ணீர் ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள, அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இனம். (நம் நாட்டு நட்சத்திர ஆமை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, அதை வீட்டில் வைத்திருக்க ஆசைப்படாதீர்கள்.) தொட்டியை மூடியிருந்த தகரத்தை இரவு காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. விடியும் வரை மழையும் வாடைக் காற்றும் அந்தத் தண்ணீரில்தான் இறங்கின.

காலையில் அவள் செங்கல்லின் மேல் தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தாள். கண் மூடியிருந்தது. "செத்துப்போச்சு பிள்ளை" என்றா அம்மா. பின்னங்காலைத் தொட்டுப் பார்த்தேன். மெதுவாக, மிக மெதுவாக, உள்ளே இழுத்தாள். ஆமையால் நம்மைப் போல் உடம்புக்குள் சூட்டை உண்டாக்க முடியாது. தண்ணீர் குளிர்ந்தால் அவளும் குளிர்வாள், இதயமும் மூச்சும் தாழ்ந்துவிடும். அசையவில்லை என்பதற்காக ஆமையைப் புதைத்துவிடக் கூடாது.

பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. "கன்னியாவுக்குக் கொண்டுபோய் வெந்நீர்க் கிணத்தில ஒருக்கா முக்கி எடு பிள்ளை." அன்போடு சொன்ன யோசனை. அந்த ஏழு கிணற்றுத் தண்ணீரும் நம் உடம்புக்குச் சுகமானதுதான். ஆனால் குளிர்ந்து போன ஆமைக்குத் திடீர்ச் சூடு ஆபத்து. மேல் தோல் சுடும், உள்ளே குளிர் அப்படியே இருக்கும், சோர்ந்த இதயத்தால் அதைத் தாங்க முடியாது. சூட்டை மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும்.

மீன் கொண்டுவரும் ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டி ஒன்றைக் கழுவி, பழைய துவாயை விரித்து அவளை வைத்தேன். எல்இடி பல்பில் போதிய சூடு வராது. தம்பி கோழிக்குஞ்சுக்குப் போடும் பல்பு ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தான். அதைப் பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் பிடித்துக் கட்டினோம், சுட்டால் அவள் மற்றப் பக்கம் நகர இடம் வேண்டுமே. அது மின்வெட்டுக் காலமும்கூட. கரன்ட் போனால் சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பேன். உள்ளே ஒரு வெப்பமானி. 28 பாகையைத் தொட்டதும்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மகன் கூனி இறாலோடு வந்து நின்றான். கொடுக்க விடவில்லை. உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது, தின்றது உள்ளேயே அழுகிவிடும். அவளுக்கு முதலில் தேவைப்பட்டது தண்ணீர். வெதுவெதுப்பான தண்ணீரைப் பேசினில் தாடைக்குக் கீழ் நிற்கும் அளவுக்கு மட்டும் விட்டு, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன். தண்ணீர் ஆமைதானே என்று ஆழத்தில் விடக் கூடாது. அதுவும் நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது. தலையைத் தூக்கப் பலமில்லாவிட்டால் மூழ்கிச் செத்துப்போகும்.

சூடு ஏறி நடக்கத் தொடங்கினாள். அப்புறம்தான் மூக்கில் சின்னச் சின்னக் குமிழி. நீந்தும்போது ஒரு பக்கம் சரிந்தாள். ஆமையின் நுரையீரல் முதுகு ஓட்டுக்கு அடியில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் சளி கட்டினால் சமநிலை போய்விடும், நம்மைப் போல் இருமித் துப்பவும் அதற்கு வராது. அந்தக் கிழமை முழுக்க மாடுகளோடு அலைந்த கால்நடை வைத்தியர், களைப்பைக் காட்டாமல் அவளைக் கையில் தூக்கிப் பார்த்தார். நியூமோனியாதான். முன்னங்காலில் ஊசி போட்டார். அந்த மனிதரை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

மருந்து முடியும் வரை சூட்டைக் குறைக்கவே இல்லை. ஒருநாள் கங்குன் கீரை இலையை இழுத்துக் கடித்தாள். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தோம்.

இப்போது வாடை தொடங்க முன்பே அவளை வீட்டுக்குள் எடுத்துவிடுகிறோம். கோழிக்குஞ்சு பல்பு ஒன்று மேலதிகமாக வாங்கி வைத்திருக்கிறேன். உப்புவெளிப் பக்கம் யாருடைய ஆமைக்காவது தேவைப்பட்டால் தயங்காமல் கேளுங்கோ, இரவென்றாலும் பரவாயில்லை.