ஊட்டியில் நிற்கிறது, மேட்டுப்பாளையம் தாண்டினால் உருகுகிறது

பித்தவெடிப்புக்கு நான் செய்து விற்கும் கிரீமில் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான். டப்பாவைத் திறந்த அன்று கற்பூர மரத் தைலம், அதாவது யூகலிப்டஸ், மூக்கைத் துளைக்கிறது, ஒரு மாதம் போனால் வாசனையே இல்லை. தப்பு அவர்கள் மேல் இல்லை. யூகலிப்டஸ் தைலத்தில் பெரும்பங்கு சினியோல், திறந்து வைத்தால் காற்றோடு போய்விடும் சரக்கு. சரி, தைலத்தைக் குட்டிக் குட்டி உறைக்குள் அடைத்துவிடுவோம், தேய்க்கும்போது உடையட்டும் என்று இறங்கினேன்.

முதலில் ஆல்ஜினேட். கடல்பாசியிலிருந்து வருவது. அதன் கரைசலில் தைலத்தை அடித்துக் கலந்து, கால்சியம் குளோரைடு தண்ணீரில் சிரிஞ்சால் சொட்டவிட்டால் ஜவ்வரிசி மாதிரி மணிகள், பார்க்க அவ்வளவு அழகு. கிரீமில் போட்ட நாலாம் நாள் எல்லாம் கொழகொழ. என் முட்டாள்தனம்தான்: கிரீம் கெடாமலிருக்க நான் சேர்க்கும் ஈடிடிஏ கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், மணியைக் கட்டி வைத்திருப்பதே அந்தக் கால்சியம். ஈடிடிஏ இல்லாமல் செய்தும் பார்த்தேன், மணி சல்லடை மாதிரி, தைலம் மெல்லக் கசிகிறது.

அப்புறம் ஜெலட்டினும் அரபிக் கோந்தும். (ஜெலட்டின் விலங்குத் தோல், எலும்பிலிருந்து வருவது, சைவக்காரர்களிடம் சொல்லித்தான் கொடுக்கிறேன்.) பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைக்காமலே எழுத்து அடுத்த தாளில் விழுகிறதே, அதற்காக 1950-களில் அமெரிக்காவின் என்சிஆர் கம்பெனியில் உருவாக்கிய வித்தை இது. அங்கே பேனா அழுத்தத்தில் உறை உடைகிறது, எனக்குக் குதிகாலில் விரல் அழுத்தத்தில் உடைந்தால் போதும். இரண்டையும் 45 டிகிரி வெந்நீரில் கரைத்து, தைலத்தைக் கலக்கி, வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் புளிப்பின் அளவான பிஹெச்சை 4 பக்கம் கொண்டுவந்தால், ஜெலட்டினுக்கு நேர் மின்னூட்டம், கோந்துக்கு எதிர் மின்னூட்டம், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தைலத்துளியைச் சுற்றிப் படிந்துவிடும். பிறகு கிளறிக்கொண்டே 10 டிகிரிக்குக் கீழே ஆறவைக்க வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு இதற்கு ஐஸ் வேண்டும். எனக்கு ஜனவரி ராத்திரி, புல்லில் உறைபனி படிகிற நேரம், வாசலில் பாத்திரத்தோடு ஸ்வெட்டர் மேல் சால்வை போட்டு உட்கார்ந்ததே போதுமாக இருந்தது. காலையில் பையனின் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வட்டம் வட்டமாகத் தைலம், சுற்றி மெல்லிய தோல். வீட்டில் எல்லோரையும் எழுப்பிக் காட்டினேன், யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

மார்ச்சில் ஒரு டப்பாவைக் கோயம்புத்தூரில் நாத்தனாருக்கு அனுப்பினேன். ஜெலட்டின் 35 டிகிரி பக்கம் போனாலே இளகிவிடும், கூரியர் வண்டிக்குள் கேட்க வேண்டுமா, போய்ச் சேர்ந்தது எண்ணெய் மிதக்கும் கஞ்சி.

ஆக, உறையை இறுக்க வேண்டும். தொழிற்சாலைகளில் இதற்குக் குளுட்டரால்டிஹைடு என்ற, தோலை உறுத்தும் ரசாயனம் போடுவது உண்டு, காலில் பூசுகிற சமாச்சாரத்தில் அதைச் சேர்க்க எனக்கு மனசில்லை. தேயிலையிலும் மரப்பட்டையிலும் துவர்ப்பாக இருக்கும் டானினும் ஜெலட்டினை இறுக்கும், மரப்பட்டை போட்டுத் தோல் பதனிடுவதும் இதே கணக்குதான். டானின் பொடி கடையில் கிடைக்கும். ஆனால் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அதைக் காசு கொடுத்து வாங்குவதா? கெட்டியாகத் தேயிலை டிகாஷன் போட்டு, நன்றாக ஆறவைத்து ஊற்றினேன். மறுபடி ஒரு டப்பா கோயம்புத்தூர் போனது.

"வாசனை அப்படியே இருக்கு அண்ணி," என்றாள் போனில். "ஆனா என் வெள்ளை சாக்ஸ் போச்சு."