வெள்ளிவிழா மலர்: தொகுப்பு வேலைக் குறிப்புகள்

5 ஜனவரி 2025, ஞாயிறு

கோவையில் 1996–2000 எந்திரவியல் படித்த நம் வகுப்புக்கு வெள்ளிவிழா மலர். முதலில் பெயர்ப் பட்டியல். வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துப் பட்டியல் போடக் கூடாது. குழுவில் இல்லாதவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. முதலாண்டு வருகைப் பதிவேட்டை மட்டும் எடுத்தால், டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் விடுபடுவார்கள். இறுதியாண்டுப் பதிவேட்டை மட்டும் எடுத்தால், நடுவில் நின்றவர்கள் இருக்க மாட்டார்கள். இரண்டையும் ஒட்டி, ரோல் எண் வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெயரை நம்பி வரிசைப்படுத்தினால் தலைவலி. வகுப்பில் எஸ். முருகனாக இருந்தவர் பாஸ்போர்ட்டில் முருகன் சுப்பிரமணியன் ஆகியிருப்பார். அமெரிக்க அலுவலகப் பதிவில் அப்பா பெயரே குடும்பப் பெயராக இருக்கும். பெண்களில் பலருக்கு இனிஷியலே மாறியிருக்கும். ரோல் எண் மட்டும் யாருக்கும் மாறாது.

12 ஜனவரி, ஞாயிறு

பழைய தடயங்களில் இணையம் அநேகமாகக் கைவிட்டுவிட்டது. ஆர்குட் சமூக வலைத்தளம் 2014-இல் மூடியது, யாஹூ குரூப்ஸ் மின்னஞ்சல் குழுக்கள் 2020-இல் மூடின. காகிதம்தான் மிச்சம்: பிரிவுபசார விழாவில் எழுதி வாங்கிய ஆட்டோகிராஃப் நோட்டு. அதில் முகவரியும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் இருக்கும். கோவையின் அன்றைய ஆறு இலக்க எண்ணுக்கு முன்னால் 2 சேர்த்து அடித்துப் பார்க்கலாம். இணைப்பு இல்லையென்றால் அஞ்சலட்டை. ‘பல்லடம், கோவை மாவட்டம்’ என்றிருந்தால் திருப்பூர் மாவட்டம் என்று திருத்த வேண்டும், 2009-இல் பிரிந்தது. வீடு கைமாறியிருந்தாலும் எதிர்வீட்டு மளிகைக்கடையில் கேட்டால் தெரியும்.

விடுதி மாணவர்கள் ஒருவரை ஒருவர் விட்டதேயில்லை. பேருந்தில் வந்து போனவர்கள்தான் காணாமல் போகிறார்கள். பேருந்துத் தடம் வாரியாகக் கேட்பது பலன் தருகிறது.

19 ஜனவரி, ஞாயிறு

தெரியாத எண் என்றால் இப்போது யாரும் எடுப்பதில்லை, மோசடி பயம். முதலில் குறுஞ்செய்தி போக வேண்டும்: அனுப்புபவர் பெயர், ரோல் எண், ஒர்க்‌ஷாப்பில் எந்த பேட்ச் என்பது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அழைப்பு. வீட்டில் வேறு யாராவது எடுத்தால், “அவரோட காலேஜ்ல படிச்சவங்க, மலர் போடறோம், அட்ரஸ் சரிபார்க்கணும்” என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். “இப்ப எங்கடா இருக்க?” என்று ஆரம்பிப்பது விடுதிக்காரர்களிடம் மட்டும் செல்லும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

கூகுள் படிவம். இதில்தான் தவறுகள் குவிகின்றன.

‘குழந்தைகள் எத்தனை?’, ‘துணைவர் பெயர்’ என்று கட்டாயக் கட்டங்கள் வைத்தால், மணமாகாதவரும், மணமுறிவு ஆனவரும், குழந்தை இல்லாதவரும் பாதியில் மூடிவிடுவார்கள். ஏன் நிரப்பவில்லை என்று சொல்லவும் மாட்டார்கள். நாம் சோம்பல் என்று நினைத்துக்கொள்வோம். ‘குடும்பம் பற்றி நீங்கள் சொல்ல விரும்புவது’ என்று ஒரே திறந்த கட்டம் போதும். ‘பதவி, நிறுவனம்’ என்பதும் அப்படியே. வேலையை விட்டுப் பிள்ளை வளர்த்தவர், அப்பாவின் கடையை எடுத்து நடத்துபவர், வேலை போய்த் தேடிக்கொண்டிருப்பவர் மூவருமே அந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறார்கள். ‘இப்போது என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்டால் எழுதுகிறார்கள். கட்டாயம் என்று வைக்க வேண்டியவை மூன்று: பெயர், ரோல் எண், அச்சிடச் சம்மதம்.

படிவத்திலேயே புகைப்படம் ஏற்றச் சொன்னால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். யாஹூ, ரெடிஃப் முகவரியோடு இருப்பவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். படத்தை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்வது நல்லது. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், அச்சில் முகம் மங்கும். இரண்டு அங்குலம் அகலம், இரண்டரை அங்குலம் உயரத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் குறைந்தது 600க்கு 750 பிக்சல்.

பதில் விழும் விரிதாளில் தொலைபேசி நெடுவரிசையை ‘பிளெய்ன் டெக்ஸ்ட்’ ஆக்கிவிட வேண்டும். இல்லையேல் முன்னால் உள்ள 0 காணாமல் போகும். பிள்ளைகளின் பள்ளி, பிறந்த தேதி எழுதி வந்தாலும் அச்சில் வேண்டாம்.

16 பிப்ரவரி, ஞாயிறு

சத்யம், மஹிந்திரா சத்யம், டெக் மஹிந்திரா என்று மூன்று வேலை எழுதியிருந்தால், பெரும்பாலும் ஒரே நாற்காலிதான். 2009-இல் ஒரு பெயர் மாற்றம், 2013-இல் இணைப்பு. ‘பி.இ., அண்ணா பல்கலைக்கழகம்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நம் சான்றிதழில் இருப்பது பாரதியார் பல்கலைக்கழகம். கல்லூரிகள் அண்ணாவின் கீழ் போனது 2001-க்குப் பிறகு. பிள்ளையோ தம்பியோ நிரப்பிக் கொடுத்த படிவத்தில்தான் இது அதிகம் என்று சந்தேகம்.

2 மார்ச், ஞாயிறு

மறைந்தவர்கள். குழுவில் வந்த தகவலை மட்டும் நம்பிப் போடக் கூடாது. குடும்பத்தில் ஒருவரிடம் நேரில் பேசி, தேதியையும் படத்தையும் அவர்களிடமே வாங்க வேண்டும். காரணத்தை நாமாகக் கேட்க வேண்டாம். அவர்கள் வேண்டாம் என்றால் பெயர், ரோல் எண் மட்டும்.

9 மார்ச், ஞாயிறு

எல்லோரும் சேர்ந்து பேச இந்திய நேரம் ஞாயிறு காலை 6:30. சிங்கப்பூரில் 9, சிட்னியில் பகல் 12. அமெரிக்காவில் சனிக்கிழமை மாலை. லண்டனில் நள்ளிரவு 1, அவர்களுக்குத் தனியாக ஒரு நாள் வைக்க வேண்டும்.

இன்று முதல் அமெரிக்காவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே. நியூயார்க்கில் சென்ற வாரம் இரவு 8 ஆக இருந்தது இனி 9. அழைப்பில் ‘இந்திய நேரம்’ என்று எழுதாவிட்டால் பாதிப் பேர் காத்திருந்து போய்விடுவார்கள். இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், கூகுள் மீட் 60 நிமிடம் தாங்கும்.

23 மார்ச், ஞாயிறு

அச்சகம் 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்கள்) கணக்கில் வேலை செய்கிறது. ஆளுக்கு அரைப் பக்கம் என்றால் 64 பேருக்கு 32 பக்கம். முன்னுரை, குழுப்படம், நினைவுப் பக்கம் சேர்த்து 48. மூன்று ஃபாரம், நடுவில் பின் அடித்தாலே நிற்கும். ஒரு பக்கம் கூடினாலும் நான்காவது ஃபாரம் தொடங்கும், ஆகவே வெட்டுவதே மேல்.

யூனிகோடில் கொடுத்ததை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும். ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ மூன்றையும் மெய்ப்பில் தேடிப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவர் பகுதியையும் படமாக்கி அவரவருக்கே அனுப்பி, ‘சரி’ என்று எழுத்தில் பதில் வந்த பிறகுதான் அச்சுத் தட்டுக்குப் போக வேண்டும். நான்கு நாள் கெடு. பதில் வராதவருக்குப் பெயர், ரோல் எண், ஊர்.