கருவாட்டுப் பெட்டி: மூன்றாம் முறை

திருகோணமலைத் திருக்கடலூரில் மாமி பாயில் காயவைக்கிற கருவாட்டில் மணல் கடிபடக்கூடாது. இந்தச் சூரியப் பெட்டியைத் தொடங்கியது அதற்காகத்தான். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று கிளம்பினால் நல்ல வெயிலோடு மணலும் சேர்ந்து வரும். காகமும் இலையானும் வேறு.

அடியில் 4 அடி நீளச் சரிவு அறை. அதற்குள் கறுப்புப் பெயின்ற் அடித்த தகரம், மேலே பழைய ஜன்னல் கண்ணாடி. அங்கே சூடாகிற காற்று, 3 தட்டுகள் உள்ள பெட்டிக்குள் ஏறி முகட்டுக் குழாயால் வெளியே போகும்.

முதல் பெட்டியில் காற்றாடி வைக்கவில்லை. நடுப்பகலில் உள்ளே 63 பாகை செல்சியஸ். சூடு கூடினால் நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன். பிளந்து உப்பிட்ட கட்டா மீன் பின்னேரத்துக்குள் பலகைபோல விறைத்துவிட்டது. மறுநாள் மாமி அதை நடுமுள்ளோடு முறித்துக் காட்டினார். வெளியே ஓடு மாதிரி, உள்ளே ஈரச் சதை, மூக்கைச் சுளிக்க வைக்கிற மணம்.

"தம்பி, இது காய இல்லை. அவிஞ்சு போச்சு."

மாமி சொன்னதுதான் சரி. மேற்புறம் அவசரமாகக் காய்ந்தால் இறுகிவிடும். உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும். முதல் நாள் சூட்டை அடக்கி, காற்றை ஓடவிட வேண்டும். இதை விளங்கிக்கொள்ள எனக்கு 3 கிலோ மீன் போனது. காசு கொடுத்து வாங்கிய மீன். மனம் கேட்கவில்லை.

இரண்டாவது பெட்டியில், பழைய கொம்பியூட்டரில் கழற்றிய 12 வோல்ற் காற்றாடியை முகட்டுக் குழாயில் பொருத்தினேன். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய சோலார் பனலும் சின்னப் பற்றரியும் அதை ஓட்டுகின்றன. சூட்டைப் பார்க்க ஆர்டுயினோ நானோ என்கிற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையும் டிஎஸ்18பி20 வெப்ப உணரியும். முதல் இரவு திரையில் −127 பாகை என்றே நின்றது. உணரி பழுது என்று நினைத்துவிட்டேன். பார்த்தால், தரவு வயருக்கும் 5 வோல்ற்றுக்கும் இடையில் போட வேண்டிய 4.7 கிலோ ஓம் தடையை விட்டிருக்கிறேன். போட்டதும் 29 காட்டியது.

45 பாகையில் காற்றாடி ஓடும், 41க்கு இறங்கினால் நிற்கும். இடையில் அந்த 4 பாகை இல்லாவிட்டால் காற்றாடியைப் போட்டு நிறுத்துகிற ரிலே ஓயாமல் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாளிலிருந்து 52 வரை விடுகிறேன்.

ஈரப்பதம் பார்க்க வைத்த டிஎச்டி22 உணரி ஒரு கிழமை தாங்கவில்லை. உப்பு ஈரம் பட்டு 99.9இலேயே நின்றுவிட்டது. அதைவிட எடைதான் உண்மை சொல்லும் என்று தோன்றியது. இந்த மூன்றாம் முறையில் நான் மிகவும் விரும்பிச் செய்த வேலை அதுதான். 5 கிலோ தாங்கும் எடை உணரியைப் பெட்டிக்கு வெளியே, கூரைக்கு மேல் நிழலில் பொருத்தினேன். உள்ளே வைத்தால் சூட்டில் கணக்கு நகரும். கூரையில் துளை போட்டு, தூண்டில் நரம்பால் நடுத்தட்டை அதில் தொங்கவிட்டேன். காற்றாடி ஓடும்போது தட்டு ஆடி எடை 30 கிராம் கூடிக் குறைந்தது. அதனால் அளக்குமுன் காற்றாடியை 20 செக்கன் நிறுத்தும்படி எழுதினேன். நரம்பு அசையாமல் நிற்க, எண் மெல்ல மெல்ல அடங்கி ஒரு இடத்தில் நிற்பதைப் பார்ப்பதே தனிச் சுகம்.

கடைசிச் சோதனை: நடுத்தட்டில் உப்பிட்ட கட்டா 2150 கிராம். முதல் நாள் பின்னேரம் 1610. மூன்றாம் நாள் மதியத்துக்குப் பிறகு 2 மணித்தியாலத்தில் 8 கிராம்தான் குறைந்தது, 980இல் எடுத்துவிட்டேன். இரவில் குழாய் வாயைத் துணியால் அடைத்து வைத்தேன், இல்லாவிட்டால் கடல் ஈரம் திரும்ப ஏறும். இதை மாமிதான் சொன்னார். எனக்குத் தோன்றியிருக்காது.

அவர் ஒரு துண்டை வளைத்தார். வெடிக்காமல் வளைந்தது. முறித்து உள்ளே விரலால் அழுத்தினார், மணந்தார். "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றவர், துண்டைத் திருப்பித் தரவில்லை. பின்னேரம் அதையே கத்தரிக்காயோடு குழம்பு வைத்தார். மணல் இல்லை.

இனி நெத்தலி போடச் சொல்கிறார். தட்டில் இப்போது உள்ள வலைக் கண்ணில் நெத்தலி விழுந்துவிடும். நுளம்பு வலை 2 யார் வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தட்டுக்கு அடிக்க வேண்டும்.